வால்வுச் சக்கரத்தில் நான்கு எழுத்து

வேப்பங்கொல்லையில் குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். "ரஞ்சனி இன்னைக்கு எம்புட்டு நீளமான பேரைப் பிடிச்சிருக்கோ, அதைப் பொறுத்தது" என்பார்கள்.

சிவரஞ்சனி அந்த ஊரின் டேங்க் ஆப்பரேட்டர். திருவரங்குளத்திலிருந்து கிழக்கே நான்கு கிலோமீட்டர் வந்தால் ஊர். ஊரின் நுழைவிலேயே அய்யனார் கோயில் திடல். திடலை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் காலடியில் மோட்டார் ரூம். காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டால் தொட்டி நிறைய ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது, அந்த இடத்தைவிட்டு நகரவும் முடியாது. வேறு யாராக இருந்தாலும் செல்போனில் வீடியோ பார்ப்பார்கள். சிவரஞ்சனி எழுத்தைக் கலைத்துப் போட்டு விளையாடுவாள்.

ஒரு சாக்பீஸ், கொஞ்சம் சிமெண்டுத் தரை, கண்ணில் பட்ட ஏதாவது ஒரு பெயர். அவ்வளவுதான் தேவை. பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுவாள். அந்த எழுத்துகளை மட்டும் வைத்து எத்தனை வார்த்தை கட்டலாம் என்று பார்ப்பாள். அவளே போட்ட சட்டங்கள் இரண்டு: எழுத்தை உடைக்கக் கூடாது, இல்லாத எழுத்தைக் கடன் வாங்கக் கூடாது. யாரும் மேற்பார்வைக்கு இல்லாத ஆட்டத்தில் அவள் ஒருநாளும் சட்டத்தை மீறியதில்லை. மீறினால் யாரை ஏமாற்றுவது?

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவள் பிடித்தது தலைக்கு மேலேயே நீல பெயிண்டில் எழுதியிருந்த 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி'. அதற்குள் தேர் இருந்தது, கலை இருந்தது, கல் இருந்தது, கட்டி இருந்தது. நான்காம் நாள் 'தேநீர்' அகப்பட்டது. அத்தனை லிட்டர் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு டம்ளர் டீ ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் என்ன செய்வாள்? தனியாக நின்று கைதட்டிக்கொண்டாள். மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டது.

பிறகு ஊர்ப் பெயர்களுக்குப் போனாள். திருவரங்குளத்துக்குள் வரகு விளைந்தது, வளம் இருந்தது, வரம் கிடைத்தது, ஒரு குருவும் உட்கார்ந்திருந்தார். கந்தர்வகோட்டையைப் பிரித்த அன்று அவளுக்குப் பசி எடுத்துவிட்டது. கடை, வடை, தட்டை, அடுப்புக்குக் கட்டை, வெளியே கோடை. "ஒரு பஸ் ஸ்டாண்டே உள்ள இருக்குங்க" என்று வீட்டுக்கு வந்து கணவன் எழிலரசனிடம் சொன்னாள்.

எழிலரசன் வடகாட்டுப் பலாப்பழத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறவன். வாழ்க்கையில் எதையும் எடை போட்டுப் பார்க்கிற ஆள்.

"வடைய கண்டுபிடிச்சே, சரி. திங்க முடியுமா?"

"முடியாது."

"அப்பறம் என்னத்துக்கு?"

"கரையாதுல்ல. நாளைக்கும் அங்கனேயே இருக்கும்."

எழிலரசன் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "ஒன் பேரைப் பிரிச்சா சனி வருது, அது தெரியுமா?" என்றான். அவனும் மனதுக்குள் ஆடிப் பார்த்திருக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

"ரசியும் வருதே, அது ஒங்க கண்ணுல படலையாக்கும்?" என்றாள்.

இந்தப் பழக்கம் அவளை ஒட்டிக்கொண்டது பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளிலிருந்து. பள்ளிக்கூடக் காலத்தில் கடையில் வாங்குகிற பலகாரமெல்லாம் பழைய வாரப் பத்திரிகைத் தாளில்தான் வரும். எண்ணெய் ஊறிய அந்தத் தாளில் சில நாள் சொற்புதிர் இருக்கும்; கலைந்து கிடக்கிற எழுத்தை அடுக்கி வார்த்தையாக்க வேண்டும். அடியில், 'விடை அடுத்த வாரம்' என்று போட்டிருக்கும். அடுத்த வாரத் தாள் எந்த ஊர்ப் பஜ்ஜியைச் சுற்றிப் போனதோ, யாருக்குத் தெரியும்? அதனால் விடை சரியா என்று அவளே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ப்ளஸ் டூ முடிக்கும்போது அவளுக்கு எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது அந்த வித்தைதான். மார்க் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் 'பொன்னமராவதி'க்குள் போனவள் வெளியே வருவதற்குள் தொட்டி வழிந்துவிட்டது. கீழத்தெரு கார்த்திகா அந்தத் தண்ணீரிலேயே நான்கு போர்வையை அலசிக் காயப்போட்டாள். பஞ்சாயத்து கிளார்க் அரை மணி நேரம் திட்டினார். அன்றிலிருந்து ஒரு தொட்டிக்கு ஒரு பெயர்தான் என்று சிவரஞ்சனி அளவு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தொட்டி வழிந்ததே இல்லை. ஆனாலும் குழாயில் தண்ணீர் ஐந்து நிமிடம் தாமதமானால் கார்த்திகாவின் குரல் திடல்வரைக்கும் வரும்.

"ஏ ரஞ்சனி! எழுத்துக் கூட்டுனது போதும், தண்ணியத் தொறந்து விடு!"

இப்படிச் சிரிப்பும் சாக்பீஸுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரே ஒரு முள் இருந்தது. அது ஒரு போர்டால் வந்தது.

சிவரஞ்சனிக்கு அண்ணன் தம்பி நான்கு பேர். அப்பா அவளுடைய பதினொன்றாம் வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தவர் பெரியப்பா மகன் மதுரைவீரன். பொதுத்தேர்வு நடந்த ஒவ்வொரு நாளும் அவளைச் சைக்கிளில் வைத்துப் பரீட்சைக்குக் கொண்டுபோய்விட்டு, முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றவர். வயதில் அவர்தான் மூத்தவர். அடுத்தவர் கருத்தக்கண்ணு, உடன்பிறந்த அண்ணன், கொத்தனார். மூன்றாவது விசயரகுநாதன்; அவரும் உடன்பிறந்தவர், கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். கடைசி திருப்பதி, மதுரைவீரனின் கூடப்பிறந்த தம்பி, இவளுக்கு இரண்டு வயது இளையவன். புதுக்கோட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழிலரசன் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். அந்தப் பக்கத்தில் விசேஷம் என்றால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் போர்டு. போர்டு என்றால் மைத்துனர்கள் பெயரும் படமும். எழிலரசன் நல்ல மனசோடு, உடன்பிறந்தவர்கள் முதலில், பெரியப்பா பிள்ளைகள் அடுத்து என்று அடுக்கிவிட்டான். மதுரைவீரன் குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து இருபத்தெட்டுக் கிலோமீட்டர் டிராக்டர் ஓட்டிக்கொண்டு சீரோடு வந்தார். டிரெய்லரில் ஒரு பெரிய பித்தளை அண்டா, இரண்டு வாழைத்தார். தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். போர்டைப் படித்தார். தன் பெயர் மூன்றாவதாக இருந்தது. வண்டியை அப்படியே திருப்பினார். டிரெய்லரில் அந்த அண்டா உருண்டு உருண்டு போன சத்தம் சிவரஞ்சனி காதில் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வேப்பங்கொல்லைக்கு வரவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவர் மனைவி, மதினி சொர்ணவல்லிதான் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். "ஒங்க அண்ணன் கேக்கச் சொன்னாரு, மூக்கு யாரு மாதிரின்னு" என்றாள். "வந்து பாக்கச் சொல்லுங்க மதினி" என்றாள் சிவரஞ்சனி. அவர் வரவில்லை.

இப்போது குழந்தைக்குப் பதினொரு மாதம். மொட்டை போட்டு, காது குத்தி, பெயர் வைக்க வேண்டும். அய்யனார் கோயிலில் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. தாய்மாமன் என்றால் போர்டு. பெரியண்ணன் மடியில் உட்காராமல் தன் பிள்ளைக்குக் காது குத்தப் போவதில்லை என்று சிவரஞ்சனி மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

வெற்றிலை பாக்கோடு கணவனும் மனைவியும் போய் அழைத்தார்கள். மதுரைவீரன் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தட்டை வாங்கிக்கொண்டார். குழந்தையைப் பார்க்காதது போலவே பத்து முறை பார்த்தார்.

"அவசியம் வந்துரணும்ண்ணே."

"வாரேன் ஆத்தா. வராம எங்க போறேன்? போர்டு வப்பீங்கள்ல?"

"வப்போம்ண்ணே."

"அதைப் பாத்துட்டுத்தான் வண்டிய நிறுத்துறதா திருப்புறதான்னு தெரியும்."

மதினி உள்ளேயிருந்து, "மனுசனுக்கு அம்பதாகப் போகுது, பேச்சைப் பாரு" என்றாள். அவர் டயரில் தண்ணீரை இன்னும் கொஞ்சம் வேகமாக அடித்தார்.

அங்கிருந்து கருத்தக்கண்ணு வீடு. அவர் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாரு தாயி, பெரியண்ணன் பெரியவருதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கூடப் பொறந்தவன் நான் இருக்கும்போது தாய்மாமன் வரிசையில எனக்கு மேல இன்னொரு பேரு வந்தா, நாளைக்கு சைட்டுல சித்தாளு கூட என்னையப் பாத்துச் சிரிக்கும்."

"மடியில வைக்கிறது?"

"அதுல என்ன இருக்கு? காது ரெண்டு. வலது அவருக்கு, எடது எனக்கு. பேருக்குத்தான் மொதல் எடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் எழிலரசன் யோசனை சொல்லிக்கொண்டே வந்தான். பேரே போடாமல் விட்டால்? நான்கு பேரும் ஒன்றாகக் கோபித்துக்கொள்வார்கள். அகர வரிசையில் போட்டால்? அதிலும் கருத்தக்கண்ணுதான் முதலில் நிற்பார். கடைசியில், "நம்ம வேணும்னா திருப்பதியில போய் மொட்டை போட்டுட்டு வந்துருவோமா?" என்றான். சிவரஞ்சனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கத்தாரிலிருந்து விசயரகுநாதன் வீடியோ காலில் வந்தார். அவர் முதன்முதலில் விமானம் ஏறியபோது, "வீட்டுச் சாவிய மாத்திப் போட்டாத்தான் விசா கெடைக்கும், எழுதிப் பாருங்கண்ணே" என்று அவள் சொன்னதை இன்றைக்கும் கேம்பில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற மனிதர். "எனக்கு எந்த எடமா இருந்தாலும் சரி ரஞ்சனி. கூலிங் கிளாஸ் போட்ட படத்தை மட்டும் போடச் சொல்லு. அப்பறம் பாப்பாவுக்குப் பேரு வினோதினி, சரியா?"

பெயரிலும் அதே கூத்து. பெரியண்ணன் மதினி மூலமாக 'மகாலெட்சுமி' என்று சொல்லி அனுப்பியிருந்தார். சின்னண்ணன் கருத்தக்கண்ணு 'கற்பகம்' என்றார். திருப்பதி வாட்ஸப்பில் 'திவ்யா' என்று நான்கு கலரில் டிசைன் போட்டே அனுப்பிவிட்டான். ஆளுக்கொரு பெயர், யார் பெயரை வைத்தாலும் மற்ற மூன்று பேருக்கும் முகம் சுருங்கும். குழந்தை பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்க, 'பாப்பா' என்றே தவழ்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மோட்டார் ரூமில் அந்த நான்கு பெயரையும் தரையில் எழுதிப் பார்த்தபோதுதான் சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு மாமனும் தன் பெயரின் முதல் எழுத்திலேயே பிள்ளைக்கும் பெயர் யோசித்திருக்கிறார். மதுரைவீரனுக்கு ம. கருத்தக்கண்ணுவுக்கு க. விசயரகுநாதனுக்கு வி. திருப்பதிக்கு தி. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, நான்கு பேருக்கும் ஒரே ஆசை.

மற்றதையெல்லாம் காலால் அழித்துவிட்டு நான்கு எழுத்தை மட்டும் விட்டாள். நான்கு எழுத்தை இருபத்து நான்கு விதமாக அடுக்கலாம். அவளுக்குப் பழக்கப்பட்ட வயல் அது.

வயதுப்படி அடுக்கினாள்: மகவிதி. மக விதி! சாக்பீஸைக் கீழே போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து திமகவி, கதிமவி, விதிமக. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ அடுக்கும்போது எழுத்துகள் தாமாக நகர்ந்து உட்கார்ந்தது போல இருந்தது.

கவிமதி.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிப் பார்த்தாள். நான்கு மாமனும் சேர்ந்து வைத்த பெயர். ஒருத்தர் குறைந்தாலும் பெயர் நிற்காது. இந்தப் பெயரையே போர்டில் மேலிருந்து கீழாகப் போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் நேரே அந்தந்த மாமன் பெயரை எழுதிவிட்டால், ஏன் இந்த வரிசை என்று எவன் கேட்பான்? பிள்ளையின் பெயர் அப்படி! தேநீருக்குத் தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டினாள்.

தட்டிய கை பாதியில் நின்றது. கவிமதியில் முதல் க. ம மூன்றாவது. பெரியண்ணனுக்கு மறுபடியும் அதே மூன்றாம் இடம்.

அவசரமாக மாற்றினாள். மதிகவி. இதுவும் பெயர்தான். ஆனால் இப்போது க மூன்றாவது. சின்னண்ணன் சித்தாள் சிரிக்கும் என்பார். இருபத்து நான்கையும் போட்டு முடித்தாள். பெயராக நின்றது இந்த இரண்டே இரண்டுதான். ஒன்றை வைத்தால் ஒரு அண்ணன் போவார், மற்றதை வைத்தால் இன்னொரு அண்ணன்.

ஐந்து நாள் அப்படியே போனது. திருப்பதி தினமும் போன் போட்டான். "அக்கா, வியாழக்கிழமைக்குள்ள சொல்லு. அதுக்கு மேல மிசின்ல எடம் இல்லை. எனக்குக் கடைசி எடம் போடு, பொறந்ததுலேருந்து அங்கனதானே இருக்கேன்."

"ஒன் பேருக்குள்ள ஒரு ப-வை எடுத்தா திருப்திடா. அதான் ஒனக்குப் பிரச்சினையே இல்லை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்; ஆனால் போனை வைத்தபிறகு சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

புதன்கிழமை காலை வால்வில் கசிவு ஏற்பட்டு மோட்டார் ரூம் தரையெல்லாம் ஈரம். சாக்பீஸ் பிடிக்கவில்லை. காய்ந்த இடம் தேடினாள். எதிரிலேயே இருந்தது கீழத்தெரு வால்வின் இரும்புச் சக்கரம். சைக்கிள் ஹேண்டில்பார் உயரத்தில், நிமிர்ந்து நிற்கும், நான்கு கை வைத்த வட்டச் சக்கரம். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒவ்வொரு எழுத்தாக ம, தி, க, வி என்று வரிசையாக எழுதினாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் தோன்றவில்லை.

தொட்டி நிறைந்தது. மோட்டாரை அணைத்துவிட்டு, கீழத்தெருவுக்குத் தண்ணீர் விடச் சக்கரத்தைப் பிடித்தாள். அப்போது ம மேலே இருந்தது. ம-விலிருந்து வரிசையாகப் படித்தால் மதிகவி. அரைச் சுற்று திருப்பினாள். க மேலே வந்தது. க-விலிருந்து படித்தால் கவிமதி.

சிவரஞ்சனி இன்னொரு அரைச் சுற்று திருப்பினாள். மதிகவி. இன்னொன்று. கவிமதி. ஒரு எழுத்தும் இடம் மாறவில்லை. யாரும் யாருக்கும் முன்னால் போகவில்லை. இத்தனை நாள் நேர்கோட்டில் வைத்துக்கொண்டு மாரடித்திருக்கிறாள்! வால்வைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஏ ரஞ்சனி!" கீழத்தெருவிலிருந்து கார்த்திகா. "என்னடி இது, தண்ணி விக்கல் எடுத்து எடுத்து வருது!"

அன்று மத்தியானமே திருப்பதி பைக்கில் வந்துவிட்டான். அவள் சொன்னதைக் கேட்டு, தாளில் வட்டம் போட்டுப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"வட்டமா போட்டாலும் மேல ஒருத்தர் இருப்பாரேக்கா. அவருதான் மொதல்னு சொல்லிருவாங்க."

"வட்டம் நின்னாத்தானே மேல, கீழ? சுத்த விடு."

"போர்டையா?"

"வால்வு சுத்தலையா?"

திருப்பதி அவளைப் பார்த்தான், வால்வுச் சக்கரத்தைப் பார்த்தான். "கீழ வர்ற மாமன் தலைகீழாத் தொங்குவாரே?"

"சுத்துனா நிமிந்துருவாரு."

"என்னைய மேல வச்சுப் படிச்சா திகவிம. அது எந்த நாட்டுப் பேருக்கா? விசயண்ணன் மேல வந்தா விமதிக. புதுக் கட்சி மாதிரி இருக்கு." சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவன் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்து எழிலரசனே வாயைப் பிளந்தான். ஐந்தடி அகல இரும்பு வளையம். லேத்துப் பட்டறையில் சொல்லி நடுவில் பேரிங் வைத்திருந்தான். வளையத்தில் நான்கு மாமன் படம், பெயர். முதல் எழுத்து மட்டும் சிவப்பில் கையளவு. நடுவில் குழந்தையின் படம் தனித் தகட்டில் அசையாமல் நின்றது. மாமன்கள் சுற்றினார்கள், மருமகள் சுற்றவில்லை. விசயரகுநாதன் கூலிங் கிளாஸோடு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திடலே நிறைந்துவிட்டது. சிவரஞ்சனி விடிந்ததும் ஊருக்கு ஒருதரம் தண்ணீர் விட்டுவிட்டு, சமையலுக்கு வேண்டுமே என்று மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டு, பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பந்தல் வாசலுக்கு வந்தாள். சக்கரத்தில் ம மேலே இருக்கும்படி தன் கையால் நிறுத்தினாள். கருத்தக்கண்ணு முதலில் வந்தார். போர்டைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டால் வியர்வையைத் துடைப்பவர் போலக் கையை உயர்த்தி, மெல்ல அரைச் சுற்று தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பந்தலுக்குள் போய்விட்டார்.

அதைச் சரிசெய்ய அவள் ஓடுவதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது.

மதுரைவீரன் பந்தல் வாசலுக்கு நேரே வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. போர்டில் கருத்தக்கண்ணு மேலே இருந்தார். அவர் கீழே, தலைகீழாக. டிராக்டர் 'டக டக'வென்று அடித்துக்கொண்டிருந்தது. சிவரஞ்சனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன ஆத்தா, என்னையத் தலைகீழாத் தொங்கவிட்டிருக்க?"

"எறங்கித் தொட்டுப் பாருங்கண்ணே. நிக்கிற போர்டு இல்லை அது."

அவர் இறங்கினார். வளையத்தில் கை வைத்தார். அது சுலபமாக நகர்ந்ததும் ஒரு கணம் கையை எடுத்துவிட்டார். பிறகு மறுபடி வைத்து, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவது போல மெதுவாகச் சுற்றினார். சிவப்பு எழுத்து ஒவ்வொன்றாக உச்சிக்கு வந்து போனது. தன் எழுத்து வந்ததிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"ம... தி... க... வி... ம... தி..." நிறுத்தவில்லை. "க... வி... ம... என்னடா இது, முடிய மாட்டேங்குது!"

"பாப்பா பேருண்ணே. நாலு பேரும் சேந்து வச்சது."

"இதுல மொதல் யாரு?"

"நீங்க எங்க கைய வக்கிறீங்களோ, அங்கன."

மதுரைவீரன் வளையத்தைப் பார்த்தார். தன் படம் மேலே வந்தபோது நிறுத்தினார். அதைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பந்தலுக்குள்ளிருந்து கருத்தக்கண்ணு எட்டிப் பார்ப்பது தெரிந்ததும் பெரிய மனிதர் போல அரைச் சுற்று தள்ளி அவரை மேலே ஏற்றிவைத்தார். "ஏப்பா கருத்து, இப்ப நீ மேல. பத்து நிமிசம் கழிச்சு நான் வருவேன்!" திடல் சிரித்தது. அப்புறம்தான் டிராக்டர் இன்ஜின் அணைந்தது. அவர் டிரெய்லரிலிருந்து இறக்கியது அதே பித்தளை அண்டா. இரண்டு வருஷமாக மதினி புளி போட்டு விளக்கியே வைத்திருந்திருக்கிறாள்.

வலது காது பெரியண்ணன் மடியில். குழந்தை போட்ட கூச்சலில் ஆசாரியே பயந்துவிட்டார். இடது காது சின்னண்ணன் மடியில். அவருக்குக் கட்டைவிரலில் கடி. பெயரைக் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். ஆளுக்கொரு காதாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருத்தர், "மதிகவி மதிகவி மதிகவி." மற்றவர், "கவிமதி கவிமதி கவிமதி." அது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாருக்கும் பிரிபடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே பேரைத்தானே சொல்றாங்க" என்று பூசாரி திருநீற்றைப் பூசினார். சான்றிதழில் ஏறியது கவிமதி. பெரியண்ணனுக்கு அவள் அன்றிலிருந்து மதி, சின்னண்ணனுக்குக் கவி. குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறது.

சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்தில்தான் சிவரஞ்சனிக்கு முதுகில் ஏதோ குறுகுறுத்தது. தலைக்கு மேலே ஒரு சத்தம், மழை பெய்வது போல.

"ஐயோ, மோட்டார்!"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி ஸ்விட்சை அணைத்தாள். பஞ்சாயத்து கிளார்க் பந்தியில் பாயசத்தோடு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். வழிகுழாயிலிருந்து இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மதுரைவீரனும் கருத்தக்கண்ணும் எச்சில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ கழுவு கருத்து."

"நீங்க மொதல்ல கழுவுங்கண்ணே."

"சும்மா கழுவுடா, இதுல என்ன மொதலு?"

பின்னாலிருந்து கார்த்திகா சத்தம் போட்டாள். "ஏ ரஞ்சனி, நின்னு வேடிக்கை பாக்காத. அண்டாவை எடுத்துட்டு வா, வீணாப் போகுது பாரு தண்ணி!"